சுயேச்சையாக நிற்பதா, கட்சிக்குள் போவதா, விதியை மாற்றுவதா?

கட்சிகளின் பிடியில் இருக்கும் நகர நிர்வாகத்தின் மேல் மக்களுக்கு வெறுப்பு வந்துவிட்டால், யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "நாமே ஒரு நல்ல ஆளைச் சுயேச்சையாக நிறுத்தினால் என்ன?" கேட்க நன்றாகத்தான் இருக்கும். வேட்புமனு, சின்னம், துண்டறிக்கை, வீடு வீடாக ஓட்டுக் கேட்பது என்று வேலைகளும் உடனே மளமளவென்று கண்முன் வந்து நிற்கும். அந்த நல்ல ஆள் ஜெயித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். மறுநாள் காலையில் என்ன செய்வார்? இதை யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்த மறுநாள் காலையில்தான் அக்கறை.

முதலில், ஒரு கட்சி நகரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்றால் எதைப் பிடித்து வைத்திருக்கிறது? மன்றக் கூடத்தில் நடக்கும் வாக்கெடுப்பு வெறும் கடைசிக் காட்சி. அதற்கு முந்தைய நாள் மாலையே ஆளுங்கட்சிக் கவுன்சிலர்கள் தனியாகக் கூடி, எந்தத் தீர்மானத்துக்கு என்ன முடிவு என்று பேசி முடித்திருப்பார்கள். மறுநாள் பொருள் எண் வாசிக்கப்படும், "நிறைவேறியது" என்று சொல்லப்படும், அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். உண்மையான பிடி மூன்று இடங்களில் இருக்கிறது. தேர்தலில் யாருக்குச் சீட்டு கொடுப்பது, மன்றத்தின் குழுக்களில் யாரை உட்கார வைப்பது, நகரத்தின் வேலைகளும் ஒப்பந்தங்களும் யாருக்குப் போவது. இந்த மூன்றாவதுதான் முதல் இரண்டுக்கும் தீனி. வேலை வாங்கிக் கொடுத்தவருக்குத் தேர்தல் நேரத்தில் ஓடியாட ஆள் கிடைக்கும். ஒப்பந்தம் வாங்கிக் கொடுத்தவருக்குத் தேர்தல் செலவுக்குப் பணம் கிடைக்கும். எனவே எந்த வழியைப் பேசினாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இது இந்த மூன்றில் எதைத் தொடுகிறது?

ஒற்றை ஆளாக உள்ளே போவது

செலவு குறைந்த வழி இதுதான். ஒரு வார்டு, ஒரு வேட்பாளர், சில நூறு தொண்டர்கள் போதும். பலரும் முதலில் யோசிப்பதும் இதைத்தான்.

இது எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க சிகாகோவைவிட நல்ல இடம் கிடையாது. ரிச்சர்ட் டேலி அங்கே 1955-ல் மேயரானார். 1976-ல் இறக்கும் வரை அவர்தான் மேயர், அவருடைய ஜனநாயகக் கட்சி இயந்திரம்தான் நகரம் (வேலையும் ஒப்பந்தமும் கொடுத்து ஓட்டுத் திரட்டும் கட்சி அமைப்பைத்தான் இயந்திரம் என்கிறேன்). அதே 1955-ல் ஐந்தாவது வார்டிலிருந்து லியோன் டெப்ரே என்ற வழக்கறிஞர் சுயேச்சையாக மன்றத்துக்குள் வந்தார். 50 பேர் கொண்ட மன்றம். 20 ஆண்டுகள் அதில் உட்கார்ந்தார். வாக்கெடுப்பு 49-க்கு 1 என்று முடிந்த நாட்கள் பல. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய மைக் அணைந்துவிடும். தலைமை நாற்காலியில் இருந்தவர் டேலி. அணைப்பது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

டெப்ரே திறமையில்லாதவர் அல்ல. படித்தவர், விடாக்கண்டர், தன் வார்டு மக்களால் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அப்படிப்பட்டவருக்கே அதுதான் நிலைமை. ஏன் என்றால் கணக்கு அப்படி. பல மன்றங்களில் வழிமொழிய ஆள் இல்லாத தீர்மானம் விவாதத்துக்கே வராது. குழு இடங்களைக் கட்சிகளின் பலத்துக்கு ஏற்பப் பிரிக்கும் இடத்தில் ஒற்றை ஆளுக்கு ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். நான் மேலே சொன்ன மூன்று பிடியில் ஒன்றைக்கூட அவர் தொடுவதில்லை.

இதைவிடப் பெரிய தொல்லை வேறொன்று. ஓட்டுப் போட்டவர்களுக்கு ஊழல் ஒழிப்பும் வேண்டும், தெருவிளக்கும் வேண்டும். தெருவிளக்கு எரிய அதிகாரியின் கையெழுத்து வேண்டும். அதிகாரி ஆளுங்கட்சியின் முகத்தைப் பார்ப்பார். ஆறு மாதம் கழித்து நம் சுயேச்சையின் வீட்டு வாசலில் நிற்கும் அதே ஆதரவாளர், "கொஞ்சம் அனுசரித்துப் போங்களேன், நம்ம தெருவுக்கு ஏதாவது நடக்கட்டும்" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இப்படி ஒவ்வொரு சாக்கடைக்கும் ஒவ்வொரு சாலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து, இரண்டாம் ஆண்டு முடிவில் பட்ஜெட்டுக்கு ஆதரவாகக் கை தூக்குபவர்களைப் பார்த்து நாம் "விலைபோய்விட்டார்" என்று சொல்கிறோம். பல நேரங்களில் யாரும் அவரை விலைக்கு வாங்கவில்லை. அவருடைய வார்டே அவரைத் தள்ளிக்கொண்டு போய் அங்கே விட்டுவிட்டது.

ஒற்றை ஆளுக்குத் திடீரென்று மவுசு வரும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. எந்தப் பக்கத்துக்கும் பெரும்பான்மை இல்லாமல் ஓரிரு ஓட்டில் மன்றம் தொங்கும்போது. அப்போது அவர் கேட்டதெல்லாம் கிடைக்கும். ஆனால் அந்த நேரத்தில் அவரிடம் வருபவர்கள் தீர்மான நகலோடு வர மாட்டார்கள், குதிரை பேரத்துக்குத்தான் வருவார்கள். வேறு என்ன கேட்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி, ஊரறியச் சொல்லி வைத்திருக்கும் சுயேச்சை மட்டுமே அந்தச் சந்தர்ப்பத்தைப் பயன்படுத்த முடியும். "டெண்டர் ஆவணம் எல்லாம் பொதுவில் வைக்கப்பட்டால்தான் என் ஓட்டு" என்பது மாதிரி. முன்னதாகச் சொல்லாமல் அன்றைக்கு வந்து சொன்னால், அதுவும் ஒரு விலையாகத்தான் கேட்கும்.

சரி, ஒற்றை ஆளால் பயனே இல்லையா? உண்டு. உள்ளே நடப்பதை வெளியே காட்டுவதற்கு அவரைப் போல வேறு ஆள் இல்லை. கேள்வி கேட்கலாம், கோப்பைப் பார்க்கக் கோரலாம், எதிர்ப்பைக் குறிப்பேட்டில் பதிய வைக்கலாம். வெளியே அதை வாங்கிப் பயன்படுத்த ஒரு பத்திரிகையாளரோ வழக்கறிஞரோ குடியிருப்போர் சங்கமோ இருந்தால் அது பெரிய வேலை. இல்லாவிட்டால் குறிப்பேட்டில் ஒரு வரி.

நேராக மேயர் நாற்காலிக்கு

இரண்டாவது வழி, மக்கள் நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுக்கும் நகரங்களுக்கு மட்டும். மன்றத்துக்குள்ளிருந்து மேயரைத் தேர்ந்தெடுக்கும் ஊர்க்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

1897-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டொலிடோ என்ற நகரம், சாமுவேல் ஜோன்ஸ் என்ற தொழிலதிபரைக் குடியரசுக் கட்சி மேயராகத் தேர்ந்தெடுத்தது. எண்ணெய்க் கிணற்றுக்கான சாதனம் செய்யும் தொழிற்சாலை அவருடையது. பிறர் உனக்கு எதைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறாயோ அதைப் பிறருக்குச் செய் என்ற வசனத்தைத் தொழிற்சாலைச் சுவரில் மாட்டியவர். கட்சிக்காரர்கள் அதை அலங்காரமாக எடுத்துக்கொண்டார்கள்போல. மேயரான பிறகும் அவர் அதையே பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் விஷயம் புரிந்தது. நகரத் தொழிலாளர்களுக்கு எட்டு மணி நேர வேலை, மழலையர் பள்ளி, பூங்கா என்று போனார். போலீஸ்காரர் கையிலிருந்த குண்டாந்தடியை வாங்கிக்கொண்டு லேசான கைத்தடியைக் கொடுத்தார். 1899-ல் கட்சி அவருக்குச் சீட்டு மறுத்தது. சுயேச்சையாக நின்றார். பதிவான வாக்குகளில் ஏறக்குறைய 70 சதவீதம் அவருக்கு. 1901-லும் 1903-லும் மறுபடி ஜெயித்தார். 1904-ல் பதவியிலேயே இறந்தார்.

மேலிருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. மாநில சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டு நகரக் காவல் துறையை அவர் கையிலிருந்து எடுக்கப் பார்த்தது. ஜோன்ஸ் மறுத்தார். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 1902-ல் அந்தச் சட்டமே செல்லாது என்று தீர்ப்பானது. நகரத்தில் எவ்வளவு பெரிய ஓட்டு வாங்கினாலும், அதற்கு மேலே ஒரு அரசு இருக்கிறது, அங்கே கட்சி இருக்கிறது என்பதை இந்த வழக்கு காட்டுகிறது.

நூறு ஆண்டு தாண்டி லண்டனுக்கு வருவோம். 2000-ல் லண்டனின் முதல் மேயர் தேர்தலில் தொழிற்கட்சி வேறொருவரை நிறுத்தியது. கென் லிவிங்ஸ்டன் சுயேச்சையாக நின்று, அதற்காகவே கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, ஜெயித்தும் விட்டார். 2003 பிப்ரவரியில் நகர மையத்துக்குள் வரும் வண்டிகளுக்கு நெரிசல் கட்டணம் போட்டார். 25 பேர் கொண்ட லண்டன் அவையில் அவருக்கென்று கட்சியே இல்லை. பிறகு எப்படி அவரால் இது முடிந்தது? அந்த நகரத்தின் சட்டம் அப்படி எழுதப்பட்டிருந்தது. மேயரின் பட்ஜெட்டை மாற்ற வேண்டுமானால் அவையில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். எதிராளிகள் ஒன்றுசேர்வது அவ்வளவு கடினம் என்ற இடத்தில் தனி ஆள் தாக்குப்பிடிக்கலாம்.

இதோடு கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவைச் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும். அன்டனாஸ் மோக்கஸ் கணிதமும் தத்துவமும் படித்தவர், பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர், கட்சி இல்லாதவர். 1995-ல் மேயரானதும் போக்குவரத்து விதியை மீறுகிறவர்களைக் கேலி செய்ய, பேசாமல் சைகையால் நடிக்கும் மைம் கலைஞர்களைத் தெருவில் இறக்கினார். இரண்டாம் முறை மேயரானபோது, விருப்பமுள்ளவர்கள் 10 சதவீதம் கூடுதலாக வரி கட்டுங்கள் என்று கேட்டார். 63,000 குடும்பங்கள் கட்டின. உலகம் முழுக்க இந்தக் கதையைச் சொல்கிறார்கள். சொல்லாமல் விடுவது இவருக்கு முன்னால் மேயராக இருந்த ஹைமே காஸ்ட்ரோவை. அவர் லிபரல் கட்சிக்காரர், பழுத்த அரசியல்வாதி. 1993-ல் அந்த நகரத்துக்கென்று புதிய அடிப்படைச் சட்டம் வந்தது அவர் காலத்தில்தான். அதுவரை நகரத்தின் பொது நிறுவனங்களின் நிர்வாகக் குழுக்களில் கவுன்சிலர்களே உட்கார்ந்திருந்தார்கள். அதை அந்தச் சட்டம் நிறுத்தியது, நகரத்தின் வருமானத்தையும் சீராக்கியது. வேலை, ஒப்பந்தம் என்ற அந்த மூன்றாவது பிடியை ஒரு கட்சிக்காரர் தளர்த்தி வைத்துவிட்டுப் போனார், கட்சியில்லாதவர் வந்து அதன் மேல் நடந்தார். மோக்கஸைச் சின்னதாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. வரிசையைக் கவனிக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இந்த வழியின் பெரிய ஓட்டை வாரிசு. லிவிங்ஸ்டன் 2004-ல் தொழிற்கட்சிக்கே திரும்பி, அதன் வேட்பாளராகத்தான் அடுத்த தேர்தலில் நின்றார். தைவானின் தைபே நகரில் அறுவை மருத்துவர் கோ வென்-ஜே 2014-ல் சுயேச்சையாக மேயரானார். 2018-ல் சில ஆயிரம் ஓட்டில் தப்பினார், 2019-ல் தானே ஒரு கட்சி தொடங்கிவிட்டார். மோக்கஸ் 1997-ல் குடியரசுத் தலைவர் தேர்தலுக்காக நகரத்தைப் பாதியில் விட்டுப் போனார். இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நடந்தது வேறு கூத்து. 2002-ல் உள்ளூர்க் கால்பந்து அணிக்குக் குரங்கு வேடம் போட்டுவந்த ஸ்டூவர்ட் டிரம்மண்ட், பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச வாழைப்பழம் என்ற வாக்குறுதியோடு சுயேச்சையாக நின்று ஜெயித்தார். வேடிக்கையாகத் தொடங்கியவர் மூன்று முறை மேயராக இருந்தார். கடைசியில் 2012-ல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். பிரிஸ்டலிலும் அதே முடிவு: 2012-ல் ஜார்ஜ் ஃபெர்குசன் என்ற சுயேச்சை முதல் மேயர், 2016-ல் தோல்வி, 2024-ல் மேயர் பதவியே இல்லை.

டொலிடோ மட்டும் இதில் தப்பியது. ஜோன்ஸுக்குப் பிறகு அவருடைய நண்பர் பிரான்ட் விட்லாக் சுயேச்சையாகவே நான்கு முறை ஜெயித்து 1913 வரை தாக்குப்பிடித்தார். ஏனென்றால் ஜோன்ஸ் தன்னைச் சுற்றி ஆட்களைச் சேர்த்து வைத்திருந்தார். அதைத்தான் அடுத்த வழி முதலிலிருந்தே செய்கிறது.

அணியாகப் போவது

பல சுயேச்சைகள் ஒரே பட்டியலில் நின்றால் அது கட்சிதானே என்று உடனே கேட்பார்கள். நியாயமான கேள்வி. மழுப்பாமல் ஒத்துக்கொள்வது நல்லது: ஓரளவு கட்சிதான். வித்தியாசம் எங்கே இருக்கலாம் என்றால், அந்த ஊருக்கு வெளியே அதற்குத் தலைமை இல்லை, கொறடா இல்லை.

இங்கிலாந்தின் தென்மேற்கில் ஃப்ரூம் என்று ஒரு சிறிய ஊர். 2011-ல் அங்கே சுயேச்சைகள் ஓர் அணியாக நின்று 17 இடங்களில் 10-ஐப் பிடித்தார்கள். 2015-ல் 17-ம் அவர்களுக்கே, 2019-லும் அப்படியே. கொள்கை அறிக்கை இல்லை. அதற்குப் பதில் நடத்தை விதிகள்தான்: கருத்து வேறுபாடு இருந்தால் அவரவர் மனச்சாட்சிப்படி ஓட்டுப் போடலாம், எதிர்த்தவரைத் தனிப்பட்ட முறையில் தாக்கக் கூடாது என்ற மாதிரி. நன்றாகவே ஓடியது. மீந்த உணவை யாரும் வைத்து யாரும் எடுத்துக்கொள்ளும் பொதுக் குளிர்பெட்டி, பொருட்களைக் கடன் வாங்கிப் போகும் நூலகம் என்று புதிதாகப் பலவற்றைச் செய்தார்கள். ஆனால் அந்த மன்றத்தின் அதிகாரம் மிகச் சிறியது. பள்ளி, பெரிய சாலை, சமூக நலம் எல்லாம் மேலே வேறு மன்றங்களிடம். பெரிய ஒப்பந்தங்கள் இல்லாத இடத்தில் பெரிய இயந்திரமும் வளராது. ஃப்ரூம் ஜெயித்ததைப் பார்த்து நாற்பது லட்சம் பேர் வாழும் நகரத்துக்குக் கணக்குப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ரேக்யவிக் இன்னும் கொஞ்சம் கனமான உதாரணம். ஐஸ்லாந்தின் வங்கிகள் 2008-ல் விழுந்த பிறகு, யோன் க்னார் என்ற நகைச்சுவை நடிகர் நண்பர்களைச் சேர்த்து "சிறந்த கட்சி" என்று ஒன்றை ஆரம்பித்தார். விலங்குக் காட்சிசாலைக்கு ஒரு துருவக் கரடி, நீச்சல் குளங்களில் இலவசத் துண்டு என்பவை வாக்குறுதிகள். 2010 தேர்தலில் 34.7 சதவீத ஓட்டும் 15-ல் 6 இடமும் கிடைத்தன. அப்புறம்தான் சிரிப்பு அடங்கியது. நகரத்துக்குச் சொந்தமான எரிசக்தி நிறுவனம் அன்னியக் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. கட்டணத்தை ஏற்றி, ஆட்களைக் குறைத்து, நகரத்தின் பணத்தையும் போட்டு அதைக் காப்பாற்றினார்கள். அடுத்த தேர்தலில் நிற்கப் போவதில்லை என்ற ஆளுக்குத்தான் இந்த மாதிரிக் கசப்பு மருந்தைக் கொடுக்கும் துணிச்சல் வரும். க்னார் 2014-ல் சொன்னபடி விலகினார், கட்சியும் கலைந்தது. கூடவே ஒன்றைச் சொல்ல வேண்டும். 6 பேரால் தனியாக ஆள முடியவில்லை. 3 இடம் வைத்திருந்த சமூக ஜனநாயகவாதிகளோடு சேர்ந்துதான் ஆட்சி நடந்தது. நிர்வாகத்தின் நெளிவு சுளிவு தெரிந்த ஒரு பழைய கட்சி பக்கத்தில் இருந்தது அவர்களுக்கு உதவியது என்றுதான் நினைக்கிறேன்.

விதியையே மாற்றுவது

என் மனசு சாய்வது இந்தப் பக்கம். அதற்குக் காரணம் சின்சினாட்டி.

ஒரு காலத்தில் அமெரிக்காவின் மிக மோசமான நிர்வாகம் என்று பேரெடுத்த நகரங்களில் ஒன்று அது. 32 பேர் கொண்ட மன்றத்தில் 31 பேர் குடியரசுக் கட்சி. அந்த இயந்திரத்தை ஓட்டிய ரட் ஹைனிக்கா பெரும்பாலும் அந்த ஊரிலேயே இருப்பதில்லை. நியூயார்க்கில் கேளிக்கை நாடகத் தொழில் நடத்திக்கொண்டு, அங்கிருந்தபடியே சின்சினாட்டியை ஆட்டி வைத்தார். இத்தனைக்கும் அவரை எதிர்த்துக் கிளம்பியவர்களில் முன்னணியில் இருந்த வழக்கறிஞர் மரே சீசன்குட்டும் குடியரசுக் கட்சிக்காரர்தான்.

அவர்கள் நல்லவர்களைத் தேடி வார்டு வார்டாக அலையவில்லை. 1924-ல் நகரத்தின் சாசனத்தையே, அதாவது நகர நிர்வாகத்தின் அடிப்படைச் சட்டத்தையே, திருத்தும் முன்மொழிவை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். மன்றம் 32-லிருந்து 9 ஆகச் சுருங்கும். அன்றாட நிர்வாகத்தை அரசியல்வாதி அல்லாத ஒரு மேலாளர் பார்ப்பார். வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவார். நகரம் முழுக்க ஒரே தொகுதி என்பதால், மொத்த ஓட்டில் சுமார் பத்தில் ஒரு பங்கு இருந்தால் ஓரிடம் உறுதி. முன்மொழிவு பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. 1925 தேர்தலில் அவர்களுடைய சாசனக் குழுவுக்கு 9-ல் 6 இடம். அந்தக் குழுவில் இரண்டு பெரிய கட்சிகளையும் சேர்ந்தவர்கள் கலந்திருந்தார்கள். சீசன்குட் மேயரானார்.

நான் முதலில் சொன்ன மூன்று பிடியைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். சீட்டு கொடுக்கும் அதிகாரம் வார்டுத் தலைவர் கையிலிருந்து போய்விட்டது, ஏனென்றால் வார்டே இல்லை. மேலாளர் வந்ததால் வேலையும் ஒப்பந்தமும் நழுவின. ஒரே தேர்தலில் மூன்றும் ஆட்டம் கண்டன. நல்ல ஆட்களும் நல்ல விதியும் ஒரே நேரத்தில் வந்ததுதான் இங்கே விசேஷம்.

விதியும் நிரந்தரமில்லை. இயந்திரத்துக்குப் பொறுமை உண்டு. இந்த வாக்குமுறையை ஒழிக்க மறுபடி மறுபடி வாக்கெடுப்பு நடத்தி, 1957-ல் ஒழித்தார்கள். தியோடர் பெரி என்ற கறுப்பினக் கவுன்சிலர் அடுத்த மேயராகிவிடுவார் என்று வெள்ளையர்களிடம் பயத்தைக் கிளப்பியது அந்தப் பிரசாரத்தில் பெரும் பங்கு வகித்தது. நியூயார்க்கிலும் இதே கதைதான். 1935-ல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வாங்கிய ஜனநாயகக் கட்சிக்கு 65-ல் 62 இடம் கிடைத்தது. 1937-லிருந்து வரிசை வாக்குமுறை வந்ததும் இடங்கள் ஓட்டுக்கு ஏற்ப இறங்கின. இரண்டு கம்யூனிஸ்டுகள் மன்றத்துக்குள் வந்ததைக் காட்டிப் பயமுறுத்தி 1947-ல் அதை நீக்கினார்கள். 1949 தேர்தலில் பாதிக்குச் சற்றே கூடுதலான ஓட்டுக்கு அதே கட்சிக்கு 25-ல் 24 இடம். இதைவிடத் தெளிவாக ஒரு விதியின் பெறுமானத்தைக் காட்ட முடியாது.

எல்லா விதி மாற்றமும் இப்படி வேலை செய்யும் என்று நினைத்துவிட வேண்டாம். வாக்குச்சீட்டிலிருந்து கட்சிப் பெயரை எடுத்துவிட்டால் போதும் என்ற யோசனை பலருக்குப் பிடிக்கும். அமெரிக்க நகரங்களில் பெரும்பாலானவை அப்படித்தான் தேர்தல் நடத்துகின்றன. கட்சி போகவில்லை, அதன் பெயர்தான் காகிதத்திலிருந்து போனது. கூடவே வாக்குப்பதிவு குறைந்து, ஏற்கெனவே பதவியில் இருப்பவருக்கு ஆதாயம் கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஜப்பானில் மேயர்களில் பெரும்பாலோர் காகிதத்தில் சுயேச்சைகள். பல இடங்களில் எல்லாப் பெரிய கட்சிகளும் சேர்ந்து ஒரே ஆளை ஆதரிக்கும். அதற்கு அவர்கள் மொழியில் ஒரே வண்டியில் ஏறுவது என்றே பெயர். அந்தச் சுயேச்சை யாரிடமிருந்து சுயேச்சை என்று கேட்டால் பதில் கிடைப்பது கஷ்டம்.

கட்சிக்குள்ளிருந்தே

இதைச் சொன்னால் சுயேச்சை ஆர்வலர்களுக்குக் கோபம் வரும். இருந்தாலும் ஒப்பீடு என்று எழுத உட்கார்ந்துவிட்டு இதை விட முடியாது.

ஒரே கட்சி எப்போதும் ஜெயிக்கும் நகரத்தில் உண்மையான தேர்தல், அந்தக் கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் நடக்கிறது. அது உறுப்பினர்களுக்கோ வாக்காளர்களுக்கோ திறந்திருக்கும் ஊரில், வெளியே நின்று 5 சதவீதம் வாங்குவதைவிட உள்ளே போய் 35 சதவீதம் வாங்குவது பலன் தரலாம். மறுபடி சிகாகோ. 1983 பிப்ரவரியில் ஜனநாயகக் கட்சியின் உள்தேர்தலில் இயந்திரத்தின் ஓட்டு இரண்டு பேருக்கு இடையே பிரிந்தது. ஹெரால்ட் வாஷிங்டன் நடுவில் புகுந்து ஜெயித்து, நகரத்தின் முதல் கறுப்பின மேயரானார்.

மறுநாள் காலை? எட்வர்ட் வர்டோலியாக் தலைமையில் சொந்தக் கட்சிக் கவுன்சிலர்களே 29 பேர் ஒன்றுசேர்ந்து, முதல் கூட்டத்திலேயே குழுக்களை எல்லாம் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். மேயர் பக்கம் 21. மேயர் போட்ட நியமனங்களை அவர்கள் கிடப்பில் போட்டார்கள், அவர்கள் போட்ட தீர்மானங்களை மேயர் ரத்து செய்தார். ரத்தைத் தாண்ட அவர்களுக்கு 34 வேண்டும், அது இல்லை. மூன்று ஆண்டுகள் இப்படியே போனது. வார்டு எல்லைகள் பாரபட்சமாக வரையப்பட்டிருந்தன என்று நீதிமன்றம் சொல்லி, 1986-ல் ஏழு வார்டுகளில் சிறப்புத் தேர்தல் நடந்த பிறகுதான் 25-25 ஆனது. சமநிலையில் மேயரின் ஓட்டு செல்லும். அதற்கடுத்த ஆண்டே வாஷிங்டன் இறந்துவிட்டார். மன்றம் இல்லாத மேயருக்கு, அவர் கட்சிக்காரராக இருந்தாலும் சுயேச்சையாக இருந்தாலும், பட வேண்டியது ஒன்றுதான்.

இதே நகரத்தில் இன்னொருவர் இருந்தார், தோற்றுப்போனவர். மைக்கேல் ஷாக்மன் என்ற இளம் வழக்கறிஞர் 1969-ல் மாநில அரசியல் சாசன மாநாட்டுக்கான தேர்தலில் சுயேச்சையாக நின்றார். நகர ஊழியர்களைக் கட்சிக்காக வேலை செய்ய வைக்கும்போது எனக்கு எப்படி நியாயமான போட்டி கிடைக்கும் என்று வழக்குப் போட்டார். 1972-ல் ஒரு கட்சிக்கு உழைக்கவில்லை என்பதற்காக நகர ஊழியரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று உடன்பாட்டு ஆணை, அதாவது இரு தரப்பும் ஒத்துக்கொண்ட நீதிமன்ற ஆணை, வந்தது. 1983-ல் வேலைக்கு எடுக்கும்போதும் கட்சி பார்க்கக் கூடாது என்று அது விரிந்தது. அதற்கு நகரத்தின் சார்பில் சம்மதித்தது வாஷிங்டன் நிர்வாகம். ஏமாற்றுவதும் தொடர்ந்தது. வேலைக்கான நேர்முகத் தேர்வுகளை மோசடி செய்ததற்காக மேயர் அலுவலக அதிகாரிகள் 2006-ல் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயினர். நீதிமன்றக் கண்காணிப்பு 2014-ல்தான் நகரத்தை விட்டது. 20 ஆண்டுகள் மன்றத்தில் இருந்த டெப்ரேயால் தொட முடியாத மூன்றாவது பிடியை, ஓர் இடமும் ஜெயிக்காத ஷாக்மன் தொட்டுவிட்டார்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

உங்கள் நகரத்தில் பட்ஜெட்டை யார் முடிவு செய்கிறார் என்பதில்தான் விடை இருக்கிறது. மேயர் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அவரை மன்றம் எளிதில் மறிக்க முடியாது என்றால், சுயேச்சை மேயர் ஒரு நல்ல பந்தயம். ஆனால் அவரோடு அடுத்த ஆளும் இப்போதே மேடையில் நிற்க வேண்டும். முதல் ஆண்டிலேயே விதியில் கை வைக்க வேண்டும், மூன்றாம் ஆண்டில் நேரம் இருக்காது.

மன்றம்தான் எல்லாம் என்றால் ஒருவரை அனுப்பாதீர்கள். பெரும்பான்மையைத் தொடும் அளவுக்கு ஆள் சேருமா என்று பாருங்கள். சேர்ந்தால் அவர்களை இணைப்பது நட்பாக மட்டும் இருக்கக் கூடாது. நிறைவேற்றப் போகும் இரண்டு மூன்று விதி மாற்றங்கள் எழுத்தில் இருக்கட்டும். மற்றதில் எல்லாம் அவரவர் இஷ்டம். மக்கள் வாக்கெடுப்பு கோர வழி இருக்கும் நகரமாக இருந்தால், வேட்பாளர் தேடுவதற்கு முன்பே அந்த வழிக்குக் கையெழுத்து வாங்கத் தொடங்குவேன். அப்படி ஒரு வழி இல்லாத ஊரில், விதியை மாற்றும் அதிகாரம் மாநிலத்திலோ தேசத்திலோ இருக்கும். அங்கே நகர சுயேச்சைகளால் ஒன்றும் ஆகாது. கட்சிக்குள் இருக்கும் நல்லவர்களோடு பேசித்தான் ஆக வேண்டும், பிடிக்கிறதோ இல்லையோ.

கையில் இருப்பது ஒரே ஒரு வார்டும் ஒரே ஒரு நல்ல ஆளும் மட்டுமென்றால், அவரை நிறுத்துவதற்கு முன் ஒரு வேலை செய்யலாம். மன்றத்தின் கடந்த ஓராண்டுக் கூட்டக் குறிப்புகளை வாங்கிப் படியுங்கள். எத்தனை பொருள்கள் விவாதமே இல்லாமல் நிறைவேறின என்று எண்ணுங்கள். அப்புறம், எதிர்த்துப் பேசியவர்களின் பெயர்களைத் தேடுங்கள். அவர்களில் உங்கள் ஆளின் தீர்மானத்தை வழிமொழிவேன் என்று சொல்ல ஒருவராவது கிடைத்தால் வேட்புமனுவை வாங்கலாம். கிடைக்காவிட்டால் அந்தப் பணத்தை ஒரு நல்ல வழக்கறிஞருக்குக் கொடுங்கள்.